வெள்ளிக்கிழமைக் கஞ்சி

சுங்கை மேரா தோட்டம்,
ஈப்போ, பேராக்.
1926 ஜனவரி 18

கர்த்தருக்குள் பிரியமுள்ள யோவன்னாள் அக்காளுக்கு, தங்கை ஞானப்பூ ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே உங்கள் மாப்பிள்ளையும் எங்கள் மகள் சற்குணமும் நானும் சுகம். அங்கே அத்தான் சுகம், கன்று ஈன்ற பசுவின் சுகம், அத்தானைவிட உங்களுக்குப் பிரியமான பனைகளின் சுகம், எல்லாவற்றுக்கும் எழுதவும்.

வந்து நாலு மாதம் ஆகிறது. கூலிக்காரர் வரிசை வீடுகளை இங்கே லயம் என்கிறார்கள். அதன் கடைசியில் முன்பு கணக்கெழுதும் கிராணி இருந்த பலகை வீட்டைத் துரை எங்களுக்கு விட்டிருக்கிறார். மழை பெய்தால் வீட்டுக்குள் குடை பிடிக்கவேண்டும். பெய்யாத நாள் இங்கே கிடையாது. இருந்தாலும் குறை சொல்லமாட்டேன். தலைக்குமேல் கூரையும் செய்ய வேலையும் கர்த்தர் தந்தாரே, அவருக்கு நன்றி.

உபதேசியாராக வந்த உங்கள் மாப்பிள்ளை சாயங்காலம் ஆண்களுக்கு வேதபாடம் நடத்துகிறார். ஞாயிறு ஈப்போவில் ஆராதனை, பிறகு சிலிபினில் ரயில்வேக்காரப் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி. நான் தோட்டத்துப் பெண்களுக்கு. ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டப் போகிறவர்கள் கைப்பிள்ளைகளை விட்டுப்போகிற ஆயாக்கொட்டகைதான் என் பள்ளிக்கூடம். எனக்குப் பேரே 'பாடத்தம்மா' ஆகிவிட்டது.

பெண்களில் ராக்காயி என்று ஒருத்தி. நாற்பது வயசிருக்கும். புருஷன் கிடையாது. வாய் மட்டும் ஏழு பேருக்குக் காணும். நாங்கள் வந்த அன்று கேட்காமலே ஒரு கட்டு விறகைக் கொண்டுவந்து போட்டவள் அவள்தான். போன வாரம் யோனாவை மீன் விழுங்கின கதை சொன்னேன். "கதை நல்லாத்தான் இருக்கு பாடத்தம்மா. அந்த மீனு நம்ம கிந்தா ஆத்துக்குள்ள வந்தா திரும்புறதுக்கு எடம் இருக்குமா?" என்கிறாள். கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். பாடம் போச்சு.

மேல்விலாசம் வழக்கம்போல உங்கள் மாப்பிள்ளை இங்கிலீஷில் எழுதுகிறார். நான் எழுதினால் கடிதம் ரங்கூனுக்குப் போய்விடுமாம்.

உங்கள் அன்பு மறவாத,
ஞானப்பூ

---

பண்ணைவிளை
1926 பிப்ரவரி 20

அன்புள்ள ஞானப்பூவுக்கு அக்காள் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கு சேமம். மாப்பிள்ளைக்கும் பிள்ளைக்கும் எங்கள் ஆசீர்வாதம்.

பாளை விட்டாயிற்று. பதநீர் இறங்கத் தொடங்கினால் எனக்குக் கை ஓயாது, ஆகையால் சுருக்கமாய் எழுதுகிறேன்.

ஜனங்களோடு பழகு. ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் கண்ணாயிரு. கோயிலில் படைத்த சோறு ஒரு பருக்கை உன் வாசல் தாண்டக் கூடாது. நம்முடைய ஐயா அதற்காகவே கூடப் பிறந்த தம்பி வீட்டுப் படியை இருபது வருஷம் மிதிக்கவில்லை. அது உனக்குத் தெரியும். நீ இளகின மனசுக்காரி, அதனால் சொல்லுகிறேன். சிரிக்க வைக்கிறவளிடம் கொஞ்சம் அதிகமாகவே கண்ணாயிரு.

காய்ச்சலுக்குக் கொயினா மருந்து வாங்கி வைத்துக்கொள்.

யோவன்னாள்

---

சுங்கை மேரா
1926 மார்ச் 28

பிரியமுள்ள அக்காளுக்கு ஞானப்பூவின் ஸ்தோத்திரம். மூவரும் சுகம். கருப்பட்டி காய்ச்சி உங்கள் கை கொப்புளித்திருக்கும், வெண்ணெய் தடவுங்கள்.

இந்த மாதம் சாரிபாத் விதவையின் பாடம் நடத்தினேன். பானையில் ஒரு பிடி மாவுதான் இருந்தது, அதையும் தீர்க்கதரிசிக்குக் கொடுத்தாள், பிறகு பானை வற்றவே இல்லை என்ற கதை. அதோடு நம் ஊர்ப் பிடியரிசியையும் சொன்னேன். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே போட்டுவைத்து ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கொடுப்போமே, அது. 

ராக்காயி சும்மா இருப்பாளா? "சாமிக்குன்னு வச்ச அரிசிய யாரு திங்கிறது?" என்று கேட்டாள். "ஊழியக்காரர் சாப்பிடுவார்கள்" என்றேன். "அப்ப நீங்களும் ஐயாவும்னு சொல்லுங்க" என்றாள். பக்கத்திலிருந்த வீரம்மா அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

சற்குணம் தோட்டத்துப் பேச்சுக்கு மாறிவிட்டாள். எதைச் சொன்னாலும் "சரி லா" என்கிறாள். அவள் அப்பா சிரிக்கிறார், எனக்குத்தான் எரிச்சல்.

ஞானப்பூ

---

சுங்கை மேரா
1926 மே 12

பிரியமுள்ள அக்காளுக்கு. யாவரும் சுகம். அங்கே எல்லாரும் சுகமென்று நம்புகிறேன்.

மழை அதிகம். ஆண்கள் பாடத்தையும் இப்போது நானே நடத்துகிறேன். எனக்கும் பழக்கமாக வேண்டுமல்லவா. உங்கள் மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் அசதி, ஆகையால் இந்தத் தடவை அவர் ஒரு வரியும் எழுதவில்லை. நீங்கள் ஒன்றும் நினைக்கவேண்டாம்.

ஒரு சந்தோஷம் சொல்லவேண்டும். சாரிபாத் பாடம் முளைத்துவிட்டது அக்கா! ராக்காயி லயத்துப் பெண்களிடமெல்லாம் பிடியரிசி வாங்குகிறாள். வாங்கி, தன் வீட்டிலேயே கஞ்சி காய்ச்சி எங்களுக்குக் கொண்டுவருகிறாள். "ஞாயிற்றுக்கிழமை கொண்டுவா" என்றேன். "இல்ல, வெள்ளிக்கெழமைதான்" என்று ஒரே பிடி. போகட்டும், நாளில் என்ன இருக்கிறது. ஈப்போ சபைக் குருவான ஐயருக்கும் இதை எழுதிவிட்டேன். ஞானஸ்நானம் வாங்காத ஜனம் காணிக்கை கொடுக்கிறது, இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

வேறு விசேஷமில்லை.

ஞானப்பூ

---

பண்ணைவிளை
1926 ஜூன் 8

ஞானப்பூவுக்கு அக்காள் எழுதுவது. நாங்கள் சுகம். நீங்கள் சுகம் என்று நீ எழுதியிருக்கிறாய். நான் நம்பவில்லை.

கவரின் மேல் யார் கையெழுத்து? மாப்பிள்ளை இங்கிலீஷ் எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் பார்க்கத் தெரியும். அது சாய்ந்து ஓடும். இது குத்துக்கல் போல நிற்கிறது. அசதி உள்ளவன் ஒரு மேல்விலாசம் எழுத மாட்டானா? என்னிடம் மறைத்து நீ என்ன சாதிக்கப்போகிறாய்? உள்ளதை எழுது.

பிடியரிசிச் செய்தியை வியாழக்கிழமைப் பெண்கள் கூட்டத்தில் வாசித்தேன். எல்லாரும் கண்ணைத் துடைத்தார்கள். அஞ்ஞானிகள் கொடுக்கிறார்கள், நமக்கு வெட்கமில்லையா என்று கேட்டேன். அந்த ஞாயிறு இங்கே பிடியரிசிப் பானை நிறைந்து வழிந்தது. அந்த ராக்காயியைப்பற்றி நான் முன்னே எழுதியதை மனதில் வைக்காதே.

உடனே பதில் போடு.

யோவன்னாள்

---

சுங்கை மேரா
1926 ஜூன் 30

அன்புள்ள அக்காளுக்கு. இனி மறைத்து என்ன?

அவருக்கு ஏப்ரல் கடைசியில் குளிர்காய்ச்சல் வந்தது. விட்டு விட்டு வருகிறது. வரும்போது கட்டில் ஆடும். நாலு கம்பளி போட்டு நானும் மேலே படுத்து அமுக்கினாலும் நடுக்கம் நிற்காது. கண் மஞ்சளாகி, முதுகெலும்பை எண்ணிவிடலாம். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் கொயினா கொடுக்கிறார், குடித்த மறுநிமிஷம் வாந்தி. போன செவ்வாய் அவருக்கு என்னையே அடையாளம் தெரியவில்லை. "அம்மா, எந்த ஊர் நீங்கள்?" என்று மரியாதையாகக் கேட்டார். வெளியே போய் அழுதேன். கடல் தாண்டி வந்து இந்தக் காட்டில் தாலியைத் தொலைத்துவிட்டு, பிள்ளையோடு தனியாகக் கப்பலேறப் போகிறேனோ என்று பயமாயிருக்கிறது அக்கா.

மேல்விலாசம் எழுதியது முகமது இப்ராஹிம். தோட்டத்து முனையில் கடை வைத்திருக்கிறார், ராமநாதபுரத்துக்காரர். "எழுதித் தாரேன், ஊரைச் சொல்லு தங்கச்சி" என்றார். காசு கேட்காமல் எலுமிச்சம்பழமும் கொடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமைக் கஞ்சி மட்டும் அவர் வயிற்றில் தங்குகிறது. ராக்காயி கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து, நான் ஊட்டி முடிக்கும்வரை எழுந்திருக்கமாட்டாள். கஞ்சிக்குள் நாலு வேப்பிலை போடுகிறாள். காய்ச்சலுக்கு நல்லதுதானே. இந்த ஜனத்தை எனக்குத் தந்ததற்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறேன். இவர்கள் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன்!

ஜெபம் பண்ணுங்கள். எனக்கு வேண்டியது அதுதான்.

ஞானப்பூ

---

பண்ணைவிளை
1926 ஜூலை 24

என் தங்கச்சி ஞானப்பூவுக்கு,

கடிதம் கண்டு கை கால் ஓடவில்லை. தினமும் இராத்திரி அத்தானும் நானும் முழங்காலில் நின்று மாப்பிள்ளைக்காக ஜெபிக்கிறோம். தைரியமாயிரு. எலுமிச்சம்பழச் சாற்றில் கருப்பட்டி போட்டுக் கொடு. தனியே சுக்கும் கருப்பட்டியும் அனுப்பியிருக்கிறேன்.

வந்த தகவல் எழுது.

யோவன்னாள்

---

சுங்கை மேரா
1926 ஆகஸ்ட் 16

அன்புள்ள அக்காளுக்கு.

முதலில் நல்ல செய்தி. அவருக்குக் காய்ச்சல் விட்டு மூன்று வாரமாகிறது. நேற்று முற்றம் வரை கம்பு ஊன்றி நடந்தார். உங்கள் கருப்பட்டி வந்தது. உங்கள் முழங்கால் ஜெபத்துக்குப் பலன் கிடைத்தது அக்கா, கோடி நன்றி.

இனி மற்றதைக் கேளுங்கள்.

போன வெள்ளி, ஆடிக் கடைசி வெள்ளி. ராக்காயி மஞ்சள் சேலை கட்டி, நெற்றி நிறையக் குங்குமத்தோடு கஞ்சிச் சட்டியைக் கொண்டுவந்தாள். "இதுதான் கடைசிக் கஞ்சி பாடத்தம்மா. ஐயா எந்திரிச்சிட்டாரு. நேத்தி முடிஞ்சுது. சாயங்காலம் மாரியம்மன் கோயில்ல கூழு ஊத்துறோம், நீங்களும் புள்ளையும் வந்துருங்க" என்றாள்.

"என்ன நேர்த்தி?" என்றேன். சிரித்துக்கொண்டே சொல்லுகிறாள், அவருக்காக அம்மனுக்கு மடிப்பிச்சை நேர்ந்தாளாம்! நம் ஊர்ப் பக்கத்திலும் உண்டே, பிழைக்கவேண்டும் என்று நேர்ந்து, முந்தானையை ஏந்தி வீடு வீடாக அரிசி பிச்சை வாங்குவார்களே, அதுதான். அந்த அரிசியைக் கோயிலில் வைத்துக் கும்பிட்டு, அங்கிருந்து வேப்பிலை எடுத்துப் போட்டுக் காய்ச்சியதுதான் நான் ஊட்டிய கஞ்சி. சாரிபாத்தும் இல்லை, பிடியரிசியும் இல்லை. மூன்று மாதம் உபதேசியார் வீட்டில் மாரியம்மன் பிரசாதம்! அதையும் நான் ஸ்தோத்திரம் பண்ணிச் சாப்பிட்டேன், ஐயருக்கு எழுதினேன், உங்களைக்கொண்டு கூட்டத்தில் வாசிக்கவைத்தேன்.

என்ன செய்தேன் தெரியுமா? சட்டியை அவள் கையிலிருந்து வாங்கி, அவள் கண் முன்னாலேயே லயத்துக் கானில் கொட்டினேன். கஞ்சி சாக்கடைத் தண்ணீரோடு போயிற்று. "என்னை ஏமாற்றினாயே" என்றேன். அவள் சட்டியை எடுத்துக் குழாயில் கழுவி, இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் செய்தது சரிதானே அக்கா? நம்முடைய ஐயா இருந்திருந்தால் இதைத்தானே செய்திருப்பார்? சரி என்று ஒரு வரி எழுதுங்கள்.

ஞானப்பூ

---

சுங்கை மேரா
1926 செப்டம்பர் 19

அன்புள்ள அக்காளுக்கு. நாங்கள் சுகம். உங்கள் பதில் இன்னும் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

ஐயருக்கு உண்மையை எழுதிவிட்டேன். அறியாமல் செய்ததைத் தேவன் பாரார் என்றும், இனி கவனமாயிருக்கும்படியும் பதில் போட்டார். அவ்வளவுதான். அந்தப் பயம் தீர்ந்தது. ஆனால் நிம்மதி இல்லை.

ஐந்து வாரமாக ஆயாக்கொட்டகையில் எனக்கு எதிரே கைப்பிள்ளைகள் மட்டும்தான். ஒருத்தியும் வருவதில்லை. வழியில் கண்டால் "வாங்க" என்கிறார்கள், மரியாதைக்குக் குறைவில்லை. நிற்பதில்லை. வேலை முடிந்து ராக்காயி பால் வாளியோடு எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். அவள் தலை திரும்புவதில்லை. ஏசிவிட்டாலாவது நானும் நாலு வார்த்தை ஏசி முடித்துக்கொள்வேன்.

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் ஒரு நாள் சொன்னார், "நீ சட்டியில் இருந்ததைக் கொட்டினாய். மூன்று மாதக் கஞ்சி என் உடம்பில் இரத்தமாக ஓடுகிறதே, என்னை எந்தக் கானில் கொட்டுவாய்?" பிறகு கம்பை ஊன்றிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய் நன்றி சொல்லிவிட்டு வந்தார். அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாளாம். என்னைப்பற்றி அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நானும் நாலு தரம் அவள் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். போய் என்ன சொல்ல? கொட்டினது தப்பு என்றால் என் விசுவாசம் என்ன ஆவது? சரி என்றால் எதற்குப் போகவேண்டும்? அவள் வந்து உட்கார்ந்து மீனைப்பற்றிக் கேட்டால் போதும் என்றிருக்கிறது. எனக்கு இந்த ஊரில் அக்கா என்றால் அவள்தான். கோபிக்காதீர்கள்.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

ஞானப்பூ

---

பண்ணைவிளை
1926 அக்டோபர் 9

ஞானப்பூவுக்கு,

உன் கேள்விக்கு உனக்குப் பதில் இல்லை. இத்துடன் உள்ள கடிதம் ராக்காயிக்கு. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆகையால் நீதான் அவள் வீட்டுக்குப் போய் வாசிக்கவேண்டும். வேறு ஆளை அனுப்பாதே. நடுவில் ஒரு வரியும் விழுங்காதே.

யோவன்னாள்

·

ராக்காயி தங்கச்சிக்கு, பண்ணைவிளை யோவன்னாள் எழுதுவது. நீயும் உன் லயத்து ஜனங்களும் சுகமாயிருக்கும்படி விரும்புகிறேன். உன்னை நான் கண்டதில்லை. ஞானப்பூ என் கூடப்பிறந்தவள், எங்கள் அம்மா போனபின் நான் வளர்த்தவள். அவளுக்குக் கோபம் கைக்கு முன்னே வரும், புத்தி பின்னாலே வரும். அது என் வளர்ப்புக் குற்றம்.

நீ கும்பிடுகிற அம்மனை நான் கும்பிடமாட்டேன். சாகும்வரை அதில் மாற்றமில்லை. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஞானப்பூ செய்தது சரி என்று முதலில் நாலு பக்கம் எழுதினேன். வசனங்களோடு எழுதி, கவரும் ஒட்டி, தபாலாபீஸ் வரை போனேன். போகிற வழியில் எனக்குள்ளே ஒரு கேள்வி வந்தது. நீ அங்கே மடியேந்தி நடந்த நாட்களில் நான் இங்கே என்ன செய்தேன்?

தினமும் முழங்காலில் நின்று ஜெபிக்கிறோம் என்று அவளுக்கு எழுதினேன். அது பொய். பனைக்காலம் முடிகிற சமயம். விடியுமுன்னே அடுப்பு மூட்டினால் பொழுது சாயும்வரை கருப்பட்டி காய்ச்சல். பாயில் விழுந்தால் மரக்கட்டை. மாப்பிள்ளைக்காக ஜெபிக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே தூங்கிவிடுவேன். நாலைந்து நாள் ஜெபித்திருப்பேன், அவ்வளவுதான். அவள் எனக்குக் கோடி நன்றி எழுதினாள். அதை வாங்கி வைத்துக்கொண்டேன்.

நீயும் விடியுமுன்னே மரம் வெட்டப் போகிறவள்தானே. உனக்கும் அலுப்பு இருந்திருக்கும். நீ தூங்காமல் நடந்தாய். என் தங்கைக்காக நான் செய்யவேண்டிய பாட்டை நீ பட்டாய். இதைப் பெண்கள் கூட்டத்திலும் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். சிலருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டால் போகட்டும்.

என் வீட்டில் காய்ச்சிய கருப்பட்டி ஒரு பெட்டி உன் பேருக்கு அனுப்பியிருக்கிறேன். எந்தச் சாமிக்கும் படைத்ததில்லை. நீ தாராளமாய்ச் சாப்பிடலாம். உனக்கு நான் நன்றிக்கடன் பட்டவள்.

அக்காள்,
யோவன்னாள்

---

சுங்கை மேரா
1926 நவம்பர் 7

(அக்கா, இது ராக்காயி சொல்லச் சொல்ல நான் எழுதுவது. ஒரு வார்த்தையும் நான் திருத்தவில்லை. ஞானப்பூ)

அக்கா, நல்லா இருக்கீங்களா? நான் நல்லா இருக்கேன். வெல்லப் பொட்டி வந்துச்சு. லயம் பூராவும் பிரிச்சுக் குடுத்தேன். முகமது இப்ராஹிம் கடைக்கும் ரெண்டு வட்டு போச்சு. அவரு நாக்குல வச்சிட்டு, ஊருக்குப் போன மாதிரி இருக்குன்னு கண்ண மூடிக்கிட்டாரு.

பாடத்தம்மா வந்து வாசப்படியிலயே நின்னு படிச்சாங்க. உள்ள வாங்கன்னா வரல. "அவளுக்குக் கோபம் கைக்கு முன்னே"ன்னு வந்துச்சு பாருங்க, அங்க வரைக்கும் கம்பீரமா படிச்சாங்க. அதுக்கப்புறம் ஒரே அழுவ. நீங்க தூங்கிட்டேன்னு எழுதுன எடம் வந்ததும் காகிதத்த கீழ போட்டுட்டு என்னக் கட்டிப் புடிச்சிக்கிட்டாங்க. நான் அப்பதான் மரத்துல காஞ்ச ஒட்டுப்பால் பொறுக்கிட்டு வந்திருக்கேன், மேலெல்லாம் ஒரே நாத்தம். விட்டாதானே? மிச்சத்த உபதேசியார் ஐயா வந்து படிச்சாரு லா.

எனக்குக் கோவம் இருந்துச்சுக்கா, இல்லன்னு சொல்ல மாட்டேன். அவுங்க என் அரிசிய மட்டும் கொட்டியிருந்தா பரவால்ல. வீட்டுக்கு வீடு போயி நின்னப்ப எல்லாரும் அளந்து வாங்குன அரிசியில ஒரு பிடி போட்டாங்க. பாப்பான்னு ஒருத்தி, அவ வீட்டுல அன்னிக்கு அஞ்சு புள்ளைக்கும் அரைப்படிதான். அவளும் போட்டா. அது கான்ல போனத அவ பாத்துக்கிட்டு நின்னா. அவகிட்ட நான் என்ன சொல்லுவேன்? பாடத்தம்மா இப்ப அவ வீட்டுக்கும் போயி, எல்லா வீட்டுக்கும் போயி வருத்தம் சொல்லிட்டாங்க. அரிசிய கொட்டுனதுக்குத்தான் வருத்தம், சாமி விசயத்துல இல்லன்னு அதையும் கறாரா சொன்னாங்க. சரி, அவுங்க சாமி அவுங்களுக்கு.

நான் ஏமாத்தலக்கா. பிடியரிசி எடுத்து ஊழியக்காரவுங்களுக்குக் குடுப்போம்னு அவுங்கதான் சொன்னாங்க. எங்க ஊருல மடிப்பிச்சைன்னு சொல்லுவோம். ரெண்டும் ஒண்ணுதான்னு நெனச்சேன். எங்களுக்குப் பாடம் சொல்லுற மனுசன் காச்சல்ல கெடக்குறாரு, வாங்காம எப்பிடி இருக்குறது?

இப்ப வெள்ளிக்கெழம எங்களுக்கெல்லாம் பாடத்தம்மா வீட்டுல கஞ்சி. அவுங்க சாமிகிட்ட ஜெபம் பண்ணிட்டுத்தான் ஊத்துறாங்க. நாங்க குடிக்கிறோம். எங்க அம்மன் ஒண்ணும் கோவிச்சுக்கல.

இதப் பாடத்தம்மா எழுத மாட்டேங்குறாங்க. எழுதுங்கன்னேன். எழுதிட்டாங்க.

நீங்க தூங்குனதுக்கு என்னாத்துக்குக்கா வருத்தம்? நாள் பூரா அடுப்புல வெந்தா யாருக்கும் தூக்கம் வரும். அதெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க. ஆனா ஒண்ணு. உங்க கடுதாசியில எல்லாரு சுகத்தையும் கேட்டிருக்கீங்க, உங்க சுகத்த எழுதல. முன்னால வந்த கடுதாசி எல்லாத்தையும் படிச்சுக் காட்டச் சொன்னேன். சேமம், நாங்க சுகம்னு ரெண்டுல இருக்கு, உங்க உடம்பப் பத்தி ஒண்ணுலயும் இல்ல. அங்க உங்களுக்கு உடம்புக்கு முடியலன்னா யாரு இருக்கா? மறைக்காம எழுதிப் போடுங்க. எங்க லயத்துல பதினெட்டு வீடு இருக்கு.

ராக்காயி
(கைநாட்டு)